தெற்குப் பார்த்த பால்கனி

நாள் 1

காலை ஆறரைக்கு மதுரையை விட்டோம். வண்டியில் நான், சித்தப்பா, சித்தி, அப்புறம் ஓட்டுநர் தம்பி. டிக்கியில் போர்வை மூட்டை, பினாயில், இரண்டு துடைப்பம், ஒரு பையில் கொடைக்கானல் வீட்டு வாட்ச்மேன் அண்ணனுக்கு வேட்டி துண்டும் அவர் வீட்டம்மாவுக்குச் சேலையும். பொங்கலுக்கு முன்னால் இதைக் கொண்டுபோய்க் கொடுப்பது தாத்தா காலத்து வழக்கம். சித்தப்பா இங்கிலாந்துக்குப் போய் முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. ஒரு வருஷம்கூட இது தவறியதில்லை. கொண்டுபோய்க் கொடுப்பது அப்பா, பணம் அனுப்புவது சித்தப்பா. இந்த வருஷம் அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் நான்.

நான் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சித்தப்பா அந்த வீட்டை விற்கப் போகிறார். ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் கூட இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறார்.

விற்ற பணத்தில் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் ஒரு ஃபிளாட். ஊர் மலாகாவுக்குக் கிழக்கே. அந்தக் கரைக்கே கோஸ்தா டெல் சோல் என்றுதான் பெயர், சூரியனின் கரை. வத்தலக்குண்டில் காபி குடிக்க நிறுத்தியபோது டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு படுக்கையறை, வெள்ளைச் சுவர், பால்கனியில் இரண்டு நாற்காலி, அதைத் தாண்டி நீலம். விலை 1,80,000 யூரோ.

"பால்கனி தெற்குப் பார்த்தது," என்றார் பெருமையாக.

ஓட்டுநர் தம்பி எட்டிப் பார்த்தார். "தெற்கா? விலையக் கொஞ்சம் குறைச்சுக் கேளுங்க சார்."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த ஊரில் தெற்குப் பார்த்தது என்றால் விலை கூடுமாம். வருஷம் முழுக்க உச்சிப் பொழுதில் சூரியன் தெற்கு வானத்தில்தான் நிற்கும். டிசம்பரில் தாழ்வாக வருவதால் வெயில் பால்கனியைக் கடந்து கூடத்துக்குள் வந்து சோபாவில் விழும். அதற்குத்தான் காசு. நம் ஊரில் சோபாவில் வெயில் விழுந்தால் திரை தைக்கச் சொல்வோம்.

இ-பாஸை செல்போனில் காட்டிவிட்டு மலை ஏறினோம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இது வேண்டும். டம்டம் பாறையில் நிறுத்தி தலையாறு அருவியைப் பார்த்தோம். வடகிழக்குப் பருவமழை முடிந்து சில வாரம் ஆகியும் வெள்ளை நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. பெருமாள்மலைக்கு அப்புறம் சித்தி சால்வையைப் போர்த்திக்கொண்டார். எனக்குக் குமட்டல். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்ததால் வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வீடு. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் அண்ணன் முந்தின நாளே சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார். அப்படியும் உள்ளே கால் வைத்ததும் அந்த வாடை. நனைந்த கோணிச் சாக்கும் பழைய புத்தகமும் கலந்த மாதிரி. வடக்குச் சுவரில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக எழும்பி, விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. அலமாரியில் தாத்தாவின் தோல் பெல்ட் ஒன்று, முழுக்கப் பச்சைப் பூசணம், வெல்வெட் போல மழமழவென்று. அடுப்பின் பர்னர் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் 2019ஆம் வருஷக் காலண்டர், ஆகஸ்ட் மாதத்தில் நின்றிருந்தது. நாங்கள் யாரும் கடைசியாக இங்கே தங்கியது அப்போதுதான்.

தாத்தா நூல் வியாபாரி. 1978இல் பன்னிரண்டு சென்ட்டும் இந்தச் சின்ன வீடும் வாங்கினார். அக்னி நட்சத்திரத்துக்குத் தப்பிக்க வாங்கியது. மதுரை மே மாதத்தை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நாள் 2

விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. காட்டுமாடு ஒன்று இரவில் வந்து வேலியை முட்டிச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறது. குளம்புத் தடம் கேட்டிலிருந்து பேரிக்காய் மரம் வரை. "வருஷா வருஷம் வரும், வேலிதான் புதுசு," என்றார் வாட்ச்மேன் அண்ணன்.

சித்தப்பா ஒன்பது மணி வரை போர்வைக்குள்ளேயே. முப்பத்தைந்து வருஷம் இங்கிலாந்துக் குளிரில் இருந்தவருக்குக் கொடைக்கானல் என்ன பெரிய குளிர் என்று கேட்டேன். அங்கே வீட்டுக்குள் குளிராதாம். வெளியேதான் இருட்டு. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் தெருவிளக்கு எரியும், வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அவர் இருக்கும் பக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 1,400, 1,500 மணி நேரம்தான் வெயிலாம். மலாகாவில் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெயிலை மணிக்கணக்கில் சொல்லும் மனிதரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நம்மிடம் யாராவது மதுரையில் எத்தனை மணி நேரம் வெயில் என்று கேட்டால், எப்போது இல்லை என்றுதான் திருப்பிக் கேட்போம்.

அதனால் அவரைச் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். குளிருக்கு ஒதுங்கும் ஊரில் சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டடம் இருப்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு வேடிக்கை. மெட்ராஸ் மாகாணத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்த காலத்தில், சூரியனுக்கும் மழைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும் என்ற பேச்சு எழுந்ததும் இது வந்ததற்கு ஒரு காரணம். 1899இல் தொடங்கினார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான்; இன்றும் உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்றுதான் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் சூரியனின் நேரடி பிம்பம் ஒன்று விழுகிறது. சித்தப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். சித்தி என் காதில், "இதையே ஒண்ணு வாங்கி வீட்ல மாட்டிரலாம், செலவு மிச்சம்," என்றார்.

திரும்பும் வழியில் ஏரியைச் சுற்றி நடந்தோம். இந்த ஏரியும் இயற்கை இல்லை. 1863இல் கலெக்டராக இருந்த வீர் லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. ஊரே அப்படித்தான் உண்டானது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலிலும் காலராவிலும் பலரைப் பறிகொடுத்தார்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் பழனி மலைக்கு வந்து 1845இல் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். ஒன்றின் பெயர் ஷெல்டன். இன்னொன்றின் பெயர் சன்னி சைட்.

வெயிலுக்குப் பயந்து மலையேறி வந்தவன் வீட்டுக்கு வெயில் பக்கம் என்று பெயர் வைத்திருக்கிறான் பாருங்கள். சித்தப்பாவிடம் சொன்னேன். "வந்து ரெண்டு நாள் இருந்திருப்பான், குளிர் தாங்கியிருக்காது," என்றார்.

நாள் 3

இன்று முழுக்கக் காகிதம். நெட்வொர்க் விட்டு விட்டு வருவதால் இதை இரவு பதினொன்றுக்கு எழுதுகிறேன்.

காலையில் புரோக்கர் வந்தார். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். சித்தப்பாவிடம் இப்போது இருப்பது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டையும். குடியிருப்பு வீடு என்பதால் விற்பதில் சிக்கல் இல்லை. ஆனால் விற்பவர் வெளிநாட்டில் இருப்பவர் என்பதால், வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். நீண்டகால மூலதன லாபத்துக்கு இப்போது 12.5 சதவீதம், அதற்கு மேல் செஸ், சர்சார்ஜ். தாத்தா 1978இல் கொடுத்த விலையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். புரோக்கர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பணம் வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு வந்து, ஆடிட்டர் சான்றிதழோடு வெளியே போகும். நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். எங்கள் பன்னிரண்டு சென்ட் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

அப்புறம் ஸ்பெயின் காகிதங்கள். இதில்தான் எனக்குச் சுவாரசியம். பேர் மாறுகிறதே தவிர சங்கதி நம் ஊர் சங்கதிதான். வெளிநாட்டுக்காரருக்கு என்ஐஇ என்று ஒரு எண், நம் பான் மாதிரி. நோட்டா சிம்பிளே என்று ஒரு தாள், யார் உரிமையாளர், மேலே என்ன கடன் என்று பதிவகம் கொடுப்பது. வில்லங்கச் சான்றிதழின் ஒன்றுவிட்ட தம்பி. பழைய வீட்டை வாங்கினால் அண்டலூசியாவில் 7 சதவீதம் வரி. இங்கே முத்திரைத் தீர்வையும் அதே 7; கூடவே பதிவுக் கட்டணம். சித்தப்பா ஃபிளாட்டுக்கு வரி மட்டும் 12,600 யூரோ. வக்கீல், நோட்டரி, பதிவு எல்லாம் சேர்த்தால் இருபதாயிரத்தைத் தொடும்.

ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நாட்டில் வசிக்காதவர் வீட்டை வாடகைக்கு விடாமல் பூட்டி வைத்திருந்தாலும், அதிலிருந்து வருமானம் வந்ததாக வைத்துக்கொண்டு வரி போடுகிறார்கள். அரசுப் பதிவு மதிப்பில் 1.1 அல்லது 2 சதவீதம் கற்பனை வருமானம். பிரிட்டிஷ்காரர் என்றால் அதில் 24 சதவீதம். பதிவு மதிப்பு 90,000 யூரோ என்றால் 990 யூரோ வருமானம் வந்ததாகக் கணக்கு, சுமார் 238 யூரோ வரி. பெரிய தொகை இல்லை. ஆனால் பூட்டுக்கு வரி! இதைக் கொடைக்கானலில் கொண்டுவந்தால் பாதி ஊர் கட்ட வேண்டியிருக்கும். எங்கள் தெருவில் இருக்கும் பதினொரு வீட்டில் நேற்று இரவு விளக்கு எரிந்தது மூன்றில். அதில் இரண்டு வாட்ச்மேன் குடும்பங்கள்.

நாள் கணக்கையும் போட்டேன். சித்தப்பாவுக்கு வேண்டியது நவம்பர் முதல் மார்ச் வரை, அந்த இருட்டு மாதங்கள். 151 நாள். பிரெக்ஸிட் முடிந்து 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு அங்கே எந்த 180 நாளிலும் 90 நாள்தான். வீடு சொந்தமாக இருந்தாலும் அதேதான். ஐந்து லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் அங்கே வசிக்க அனுமதி கொடுத்த திட்டத்தையும் 2025 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். அங்கேயே குடியேற வேண்டும் என்றால் வேலை பார்க்காமல் இருக்கும் விசா ஒன்று உண்டு, வருஷத்துக்கு 28,800 யூரோ வருமானம் காட்ட வேண்டும்.

"அப்ப பாதிக் குளிர்காலம்தான் சித்தப்பா."

"பாதி போதும்மா. பாதி இல்லாமதான இத்தனை வருஷம் இருந்தேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, இங்கேயே வந்து இருக்கலாமே என்று கேட்டேன். கேட்க வேண்டும் என்று நேற்றிலிருந்தே இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே விரல் மடக்கினார். அங்கத்திய அரசு ஓய்வூதியம் வருஷா வருஷம் கூடும். ஸ்பெயினில் குடியிருந்தாலும் கூடும். இந்தியாவில் குடியேறினால் அன்றைக்கு என்ன தொகையோ அதோடு நின்றுவிடும், சாகும்வரை அதே தொகை. ஸ்பெயினில் குடியேறிய ஓய்வூதியக்காரருக்கு மருத்துவச் செலவை பிரிட்டன் ஏற்கும், இங்கே ஏற்காது. பிள்ளைகள் அங்கே, மலாகா இரண்டே முக்கால் மணி நேர விமானம். "அப்புறம்," என்று நான்காவது விரலை மடக்கப் போனவர், மடக்காமல் பேச்சை மாற்றினார்.

புரோக்கர் கிளம்பும்போது கட்டட அனுமதி பற்றிப் பேச்சு வந்தது. இது மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வரும் இடம். மாடி எழுப்புவதும் மண் வெட்டுவதும் நினைத்தபடி முடியாது. அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு சீல் வைத்த கதைகள் ஊரில் நிறைய. வெளிநாட்டில் இந்தத் தொல்லை எல்லாம் இருக்காது சார் என்றார் புரோக்கர். ஸ்பெயினில் அல்மேரியா பக்கம் வேரா என்ற ஊரில், உள்ளூர் நகராட்சி கொடுத்த அனுமதியோடு ஒரு பிரிட்டிஷ் தம்பதி கட்டிய வீட்டை, அந்த அனுமதி செல்லாது என்று 2008 ஜனவரியில் இடித்துவிட்டார்கள் என்று சித்தப்பா சொன்னார். புரோக்கருக்கு ஒரு சந்தோஷம். "அங்கயும் அப்படித்தானா!"

மாலை நாலரைக்கு வீட்டைப் பார்க்க ஆள் வந்தார்கள். சென்னைக்காரர்கள், கணவன் மனைவி, ஐம்பது வயது இருக்கும். அவர் தண்ணீர், நெட்வொர்க், வண்டி உள்ளே வருமா என்று கேட்டுக்கொண்டே சுற்றினார். கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும் என்பதைச் சித்தப்பா மறைக்கவில்லை. புரோக்கர் இருமினார்.

அந்தம்மா எதுவும் கேட்கவில்லை. படுக்கையறைக்குப் போய்ச் சன்னலைத் திறந்தார். பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சேலைத் தலைப்பைக் கழுத்திலிருந்து கொஞ்சம் தளர்த்தி, அப்படியே நின்றார். கல்யாண வீட்டில் அடுப்படியை விட்டு வெளியே வந்து கிணற்றடியில் நிற்கும் பெண்கள் முகத்தில் அந்த மாதிரிப் பார்த்திருக்கிறேன். உதிரும் சுவருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்; அதை அவர் பார்க்கவே இல்லை. அப்புறம் திரும்பிக் கணவரிடம், "ஏசி இல்லாம தூங்கலாம்ங்க," என்றார்.

அவர்கள் போனபின் சித்தப்பா வெகுநேரம் பேசவில்லை. சாப்பிடும்போது சொன்னார். "போன மார்ச்ல அந்த ஃபிளாட்டப் பாக்கப் போனேன்ல, பால்கனில நின்னேன். ஏஜென்ட் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துட்டே இருந்துச்சு. ஏன் பாக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"விலையில ஒரு யூரோ குறைச்சிருக்க மாட்டாளே," என்றார் சித்தி.

"குறைக்கல."

நாள் 4

பூம்பாறை. சித்திக்குக் குழந்தை வேலப்பர் கோயில் நேர்த்தி ஒன்று பாக்கி. படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் நெருக்கியடித்த ஊர், ஒரு வீட்டு ஓட்டிலிருந்து பூனை அடுத்த வீட்டு ஓட்டுக்கு நடந்தே போகிறது. பூட்டிய வீடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மலைப்பூண்டு இரண்டு கிலோ வாங்கினேன். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கடைக்கார அக்காவே சொல்லி, அதற்கும் சேர்த்து விலை சொன்னார். காரம் மூக்கில் ஏறுகிறது. வண்டி முழுக்க வாசம், ஓட்டுநர் தம்பி கண்ணாடியை இறக்கிவிட்டார், குளிரில் எல்லோரும் திட்டினோம்.

சாயங்காலம் சென்னைக்காரர் போன் செய்தார். விலை படிந்தது. தையில் அட்வான்ஸ்.

வாட்ச்மேன் அண்ணனிடம் சித்தப்பாதான் சொன்னார். அவருக்கு இது செய்தியாகவே தெரியவில்லை. புரோக்கர் வந்த அன்றே தெரிந்திருக்கும். "புதுசா வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா," என்றார். ஏற்கெனவே சொல்லியாயிற்று. இன்று போனில் சொல்லும் முன்பே அந்தம்மா கேட்டது அவரைப் பற்றித்தான்.

நாள் 5

கிளம்புவதற்கு முன் வேட்டி சேலையைக் கொடுத்தோம். சித்தப்பா வாசற்படியில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வாட்ச்மேன் அண்ணனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார், இத்தனை வருஷம் கேட்காததை எல்லாம். வாரத்துக்கு எத்தனை தடவை சன்னல் திறப்பீங்க? ரெண்டு தடவை, வெயில் அடிச்சா மட்டும். பனி நாள்ல திறந்தா உள்ள ஈரம் ஏறிரும். குழாய்? மாசத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் திறந்து விடணும், இல்லன்னா வாஷர் இறுகிரும். மெத்தை? மார்ச்ல வெயில்ல போடுவேன். எலி? எலி வரும்.

சித்தப்பா இதையெல்லாம் போனில் குறித்துக்கொண்டார். விற்ற வீட்டுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்தேன்.

மலையிறங்கும்போது டம்டம் பாறை தாண்டி நெட்வொர்க் முழுசாக வந்தது. சித்தப்பாவின் போன் வரிசையாகக் கிணுகிணுத்தது. ஸ்பெயின் ஏஜென்ட் பெண்ணுக்குக் காலையிலேயே கேள்வி அனுப்பியிருக்கிறார், நாங்கள் இல்லாத மாதங்களில் சன்னலை யார் திறப்பார்கள் என்று. பதில் வந்திருந்தது. அதற்கென்றே ஆள் இருக்கிறார்களாம். சாவியை வைத்துக்கொள்வார்கள், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வந்து திறந்து, குழாயை ஓடவிட்டு, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். மாதம் 45 யூரோ. கடலோரம் என்பதால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும், அதற்குத் தனி.

சித்தி சால்வையைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளுக்கும் பொங்கலுக்கு வேட்டி எடுக்கணுமா?"